நாட்டுக்கு எத்தனை நாள்?

தொல்காப்பியர் முதற்பொருள் என வகுத்தவை இரண்டு: நிலம் ஒன்று, பொழுது ஒன்று. நிலத்தைச் சொல்லிய அளவில் அமையாது, அதனோடு ஒப்பப் பொழுதையும் முதலென்றே அவர் வைத்தார். ஒரு நிலத்தை அறிய விரும்புவோன் அந்நிலத்தின் பொழுதுகளையும் உடனிருந்து அறிதல் வேண்டும் என்பது அப்பாகுபாட்டிற் பெறப்படும் கருத்தாகும். வகுப்பிலே அகத்திணையியல் பாடம் நடத்துந்தோறும் இதனை மாணாக்கருக்கு எடுத்துரைத்து வருகின்றேன். இவ்விலக்கணம் ஐரோப்பிய யாத்திரை செல்வோருக்கும் பெரிதும் பயன்படும் என்பதை அண்மைக் காலத்தில் என் கைக்கு வந்த பயணப் பட்டியல்கள் சில எனக்கு உணர்த்தின.

இன்று நம் நாட்டிலிருந்து ஐரோப்பா செல்வோர் பலர். மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பரிசிலும் சூரிச்சிலும் வாழ்கின்றமையால், ஓய்வுபெற்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் தம் முதுமையில் ஒருமுறையேனும் கடல் கடந்து சென்றுவர விழைகின்றனர். செல்வதென்று துணிந்தபின் அவர்முன் எழும் முதல் வினா, “எந்த நாட்டில் எத்தனை நாள் தங்குவது?” என்பதே. பெரும்பாலோர் இதற்கு விடை காணும் முறை எளியது. உள்ள நாட்களை நாடுகளின் தொகையால் வகுத்துவிடுவர். ஈவு ஒன்றரை என வந்தாலும் இரண்டு என வந்தாலும் அதுவே தீர்ப்பாகிவிடும். இம்முறை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நாடு என்னும் அளவுகோல்

முதலில், ‘நாடு’ என்பதை அளவாகக் கொள்ளுதலே ஐயத்துக்குரியது. நம் இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். சுவிற்சர்லாந்து ஏறத்தாழ 41,000. பெல்ஜியம் ஏறத்தாழ 30,500. இத்தாலியோ 3,00,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. லீக்ரன்ஸ்ரைன் 160 சதுர கிலோமீற்றர் மட்டுமே. வத்திக்கான் அரை சதுர கிலோமீற்றரும் இல்லாதது. ரோமாபுரி நகரின் நடுவே ஒரு மதிலுக்குள் அடங்குவது. எனினும் சட்டப்படி இவை ஒவ்வொன்றும் தனி நாடே. இவையனைத்துக்கும் சம நாள் கொடுத்தல், ஒரு காப்பியத்துக்கும் ஒரு தனிப்பாடலுக்கும் ஒரே பாடவேளையை ஒதுக்குதல் போலாகும்.

இன்றைய எல்லைகள் பழமையானவையும் அல்ல. இத்தாலி ஒரே இராச்சியமாக அமைந்தது 1861இல். ஜேர்மனி ஒரே பேரரசானது 1871இல். அதற்கு முன் அவ்வழிச் சென்ற யாத்திரிகர்கள் நகருக்கு எத்தனை நாள் என்று எண்ணினார்களேயன்றி, இன்றைய நாட்டெல்லைகளைக் கொண்டு எண்ணியவர்கள் அல்லர்.

முன்சென்றோர் வழி

இங்கிலாந்தின் சமர்செற் பகுதியைச் சேர்ந்த தோமஸ் கோரியற் என்பார் 1608ஆம் ஆண்டு மே மாதம் புறப்பட்டு, பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நிலப்பகுதிகளைச் சுற்றி ஒக்ரோபரில் ஊர் திரும்பினார். வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தவர் அவர். 45 நகரங்களைக் கண்டதாக அவரே கணக்கு வைத்திருக்கின்றார். நகரத் தொகையில் அவ்வளவு பற்றுடைய அவரும் வெனிஸ் நகரை அடைந்தபோது கணக்கை மறந்து ஆறு வாரம் அங்கேயே தங்கிவிட்டார். ஐந்து மாதப் பயணத்திற் கால் பங்குக்கு மேல் ஒரே நகருக்கு! 1611இல் வெளிவந்த அவருடைய பயண நூலிலும் வெனிசுக்குரிய பகுதியே விரிவாக அமைந்துள்ளது. எங்கு நெடிது தங்கினாரோ அங்கிருந்தே நெடிது எழுத முடிந்தது.

இதனினும் வியப்புடையது ஜேர்மானியப் பெருங்கவிஞர் கதே மேற்கொண்ட யாத்திரை. 1786 செப்ரெம்பரில் கால்ஸ்பாட் என்னும் நீரூற்று நகரிலிருந்து எவர்க்கும் சொல்லாது புறப்பட்ட அவர், வெனிசில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாகத் தங்கினார். அடுத்து, கலைக்குப் பேர்போன புளோரன்ஸ் நகரை அடைந்தார். அங்கே அவர் செலவிட்டது ஏறத்தாழ மூன்று மணிநேரம்! ரோமாபுரியைக் காணும் வேட்கை அவரை அங்கு நிற்கவிடவில்லை. ரோமாபுரியிலோ, இடையே நேப்பிள்சுக்கும் சிசிலிக்கும் சென்ற காலம் நீங்க, இருமுறையுமாக ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1788இல் தாயகம் திரும்பும் வழியிலேதான் புளோரன்சில் மீண்டும் தங்கினார். ஓரிடத்துக்கு மூன்று மணி, ஓரிடத்துக்கு ஓராண்டு என்னும் இப்பங்கீடு வகுத்தற் கணக்கால் வந்ததன்று. தமக்கு வேண்டுவது எது என அவர் தெளிந்திருந்தமையால் வந்தது.

அக்காலத்துப் பயணிகளிற் பலர் செல்வர். காலமும் பொருளும் அவர்க்கு மிகுதியாக இருந்தன. எளியோருக்கும் வழி திறந்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் தோமஸ் குக். 1841இல் லெஸ்ரரிலிருந்து லப்பரோ வரை புகையிரதத்தில் ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்று தொடங்கிய அவர், 1855இல் பரிஸ் பொருட்காட்சியை ஒட்டி ஐரோப்பியப் பெருநிலத்துக்கும், 1863இல் சுவிற்சர்லாந்துக்கும் குழுக்களை இட்டுச் சென்றார். இது பெரிய தொண்டு. எனினும், குழுவாகச் செல்லும்போது தங்கும் நாளை நிச்சயிக்கும் உரிமை பயணியின் கையைவிட்டு நீங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1969இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்று இதனை நகைச்சுவையாக்கியது. 18 நாளில் ஒன்பது நாடு சுற்றும் குழுவின் கதை அது. இன்று செவ்வாய்க்கிழமையானால் இது பெல்ஜியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதே அப்படத்தின் பெயர். தாம் நிற்கும் ஊரைக் கிழமை கொண்டு அறியவேண்டிய நிலைக்குப் பயணிகள் வந்துவிட்டனர். குக் நிறுவிய கம்பெனி 2019இல் முறிந்து மூடப்பட்டது. அவ்வழக்கமோ இன்னும் மூடப்படவில்லை.

சட்டம் கேட்கும் கணக்கு

நம்மவருக்கு இவ்வினா விருப்பத்தோடு முடிவதில்லை. சட்டமும் இதிற் தலையிடுகின்றது. லக்சம்பேர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையிலுள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985 யூன் 14ஆந் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த ஏற்பாட்டில் இன்று 29 நாடுகள் அடங்குகின்றன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 சனவரியில் முழுமையாக உட்பட்டன. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் ஒரு விசாவைக் கொண்டு இவ்வனைத்திலும் உலாவலாம். எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாளுக்கு மேல் இருத்தல் ஆகாது. புகும் நாளும் வெளியேறும் நாளும் தங்கிய நாட்களாகவே எண்ணப்படும். பிரித்தானியாவும் அயர்லாந்தும் இவ்வட்டத்துக்குப் புறம்பானவை. பரிசுக்குச் சென்றவர் இலண்டனையும் எட்டிப் பார்க்க நினைப்பின், அதற்கு வேறு விசா, வேறு கட்டணம், வேறு காத்திருப்பு வேண்டும்.

இங்கே கவனிக்கத்தக்கது, விண்ணப்பத்தை எந்த நாட்டின் தூதரகத்துக்கு அளிப்பது என்பதற்குரிய விதி. பயணத்தின் முதன்மை நாடு எதுவோ அதற்கே விண்ணப்பித்தல் வேண்டும். தங்கும் காலத்தைக் கொண்டோ நோக்கத்தைக் கொண்டோ அம்முதன்மை துணியப்படும். அவ்வாறு ஒன்றைத் துணிய இயலாதாயின் முதலிற் புகும் நாடு அவ்விடத்தைப் பெறும். எனவே, ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை நாள் என்பதைத் தீர்மானித்த பின்னரே விண்ணப்பத்தின் முதல் வரியையும் நிரப்பலாம். ‘போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்னும் மனப்பான்மைக்கு இங்கு இடமில்லை.

ஒன்பது மூன்றான கதை

எனக்கு நெடுநாட் பழக்கமுள்ள நண்பர் ஒருவர், முப்பது ஆண்டு சரித்திரம் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவர்தம் ஒரே மகள் பரிசின் புறநகரொன்றில் வாழ்கின்றார். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு கணவனும் மனைவியுமாக 21 நாள் சென்றுவர எண்ணி, பட்டியலொன்றை வரைந்து என்னிடம் காட்டினார். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து, லீக்ரன்ஸ்ரைன், இத்தாலி, வத்திக்கான் என ஒன்பது நாடுகள் அதில் இருந்தன. பரிசில் தொடக்கத்தில் மூன்று இரவும் முடிவில் ஓர் இரவும், பிரசல்ஸ், அம்ஸ்ரடாம், கொலோன் ஒவ்வொன்றிலும் இரண்டு, வியன்னாவிலும் சூரிச்சிலும் மூன்று மூன்று, வெனிசில் ஒன்று, ரோமாபுரியில் மூன்று. ஆக இருபது இரவு. பிரான்சுக்கு நான்கு, இத்தாலிக்கு நான்கு. முதன்மை நாடு எதுவென்று தூதரகத்தார் வினவின், அவராலேயே விடையளித்தல் அரிது.

நாங்கள் இருவரும் ஒரு கணக்குப் போட்டோம். கொலோனிலிருந்து வியன்னா, வியன்னாவிலிருந்து சூரிச், சூரிச்சிலிருந்து வெனிஸ், ரோமாபுரியிலிருந்து பரிஸ் ஆகிய நான்கு இடமாற்றங்களும் ஒவ்வொரு பகலை விழுங்குவன. ஏனைய நான்கும் அரைப்பகலை விழுங்குவன. புகையிரதம் ஓடுவது இரண்டு மணிநேரமே எனினும், காலையில் பெட்டி கட்டுதல், அறையை ஒப்படைத்தல், நிலையத்திற் காத்திருத்தல், புதிய ஊரில் விடுதியைத் தேடுதல், பிற்பகல் வரை அறை கிடைக்காது வாயிலில் அமர்ந்திருத்தல் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தால் அரைநாள் போய்விடும். இவ்வகையில் ஆறு நாள் கழியும். வந்திறங்கும் நாளும் விமானமேறும் நாளும் சேர எட்டு. எஞ்சியவை பதின்மூன்று. ஒன்பது நாட்டுக்குப் பதின்மூன்று நாள்; நாட்டுக்கு ஒன்றரை நாளும் இல்லை.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “திரும்பவும் போகக் கிடைக்குமோ, பண்டிதர்? ஒருக்காற் போறவன் எல்லாத்தையும் பாக்க நினைக்கிறது பிழையே?” என்றார். அது பேராசையென்று நான் கருதவில்லை. பயணச் சீட்டின் விலையும், விசாவின் அருமையும், வயதும் சேர்ந்து அவரை அவ்வாறு எண்ணச் செய்தன. வாழ்நாளில் ஒருமுறையே திறக்கும் வாயிலின் முன் நிற்பவன் கைகொள்ளுமட்டும் அள்ள நினைத்தல் இயல்பே. அவரை மறுக்காது, ஒன்று மட்டும் கேட்டேன்: “இந்த ஒன்பதில் எதைக் காணாமல் வந்தால் உங்கள் மனம் ஆறாது?” அவர் சிந்திக்கவேயில்லை. “ரோமாபுரி” என்றார். முப்பது ஆண்டு கரும்பலகையில் தாம் கீறிக் காட்டிய நகரம் அது. தேநீர் கொணர்ந்த அவர் மனைவியார், தம்மை எவரும் கேளாமலே, “எனக்கு ஒரு நாடும் வேண்டாம், பேத்தியோடை பத்து நாள் இருந்தாற் போதும்” என்றார். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. பாட்டியார் அப்பிள்ளையைத் தொலைபேசித் திரையிலன்றி நேரிற் கண்டதில்லை.

ஒன்பது நாட்டுப் பட்டியலில் அவ்விருவரின் விருப்பத்துக்கும் உரிய இடமில்லாதிருந்தது. பட்டியல் மாறியது. பரிசில் முன்னும் பின்னுமாகப் பதினோர் இரவு, புளோரன்சில் மூன்று, ரோமாபுரியில் ஆறு. இடமாற்றம் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. இழப்பு ஏறத்தாழ இரண்டரை நாள். காண்பதற்கு எஞ்சிய நாட்கள் பதின்மூன்றிலிருந்து பதினாறரையாயின. முதன்மை நாடு பிரான்ஸ் என்பதிலும் ஐயம் ஒழிந்தது. மகள் அனுப்பிய அழைப்புக் கடிதமும் விண்ணப்பமும் ஒன்றோடொன்று இசைந்தன. பிரான்சில் பல ஊர்களிற் சிறுபிள்ளைகளுக்குப் புதன்கிழமை பள்ளி இல்லை. ஆகையால், பரிசில் இருக்கும் நாட்களுள் இரண்டு புதன்கிழமைகள் அமையுமாறு விமானத் திகதிகளைப் பொருத்தினோம். ஒன்பது நாடு மூன்றாயிற்று. வத்திக்கானையும் நண்பர் நாடென்றே எண்ணுவார்.

2024ஆம் ஆண்டு வசந்தத்தில் இருவரும் சென்று திரும்பினர். நண்பர் ரோமாபுரியில் மாலைதோறும் கப்பிற்றோலியக் குன்றின் பின்புறத்தே நின்று, கீழே கிடக்கும் பழைய போரத்தின் தூண்களை நோக்கியிருந்தாராம். “முதல் நாள் கல்லைப் பாத்தன், மூண்டாம் நாளிலேதான் தெரு எது, கோயில் எது எண்டு பிடிபட்டது” என்றார். மனைவியார் ரோமாபுரியைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேத்தியைக் காலையிற் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் உரொட்டிக் கடைப் பெண் தமக்கு நாள்தோறும் வணக்கம் சொன்னதையும், எட்டாம் நாள் தாம் கேளாமலே வழக்கமான உரொட்டியை எடுத்து நீட்டியதையும் மூன்று முறை சொன்னார்.

பொழுது என்னும் முதற்பொருள்

இனிப் பொழுதின்பாற் செல்வோம். பெரும்பொழுது, சிறுபொழுது என்னும் பாகுபாடு ஐரோப்பாவுக்கு நன்கு பொருந்தும். யூன் மாதத்திற் பரிசில் இரவு பத்து மணியளவிலும் வெளிச்சம் உண்டு. திசெம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். ஆகவே கோடையின் நான்கு நாளும் மாரியின் நான்கு நாளும் சமமல்ல. மாரியிற் செல்வோர் ஒவ்வோரிடத்துக்கும் ஒன்றரை மடங்கு நாள் கொள்ளுதல் தகும்.

கிழமையும் நோக்கற்பாலது. பரிசின் லூவர் நூதனசாலைக்குச் செவ்வாய் விடுமுறை. அதே நகரின் ஓர்சே நூதனசாலைக்குத் திங்கள். புளோரன்சின் உபிற்சிக்கும் திங்கள். வத்திக்கான் நூதனசாலைகள் மாதத்தின் இறுதி ஞாயிறு நீங்க ஏனைய ஞாயிறுகளில் மூடப்பட்டிருக்கும். திங்களன்று மட்டும் புளோரன்சில் இருப்பவனுக்கு உபிற்சி பூட்டிய கதவேயாகும்.

சிறுபொழுதின் பெருமையை ஓவியர் குளோட் மொனே நன்கறிந்தார். 1892, 1893ஆம் ஆண்டுகளில் ரூவான் நகரப் பேராலயத்தின் எதிரே அறை எடுத்திருந்து, அதன் ஒரே முகப்பை முப்பதுக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். காலை ஒளியில் ஒன்று, நண்பகல் வெயிலில் ஒன்று, மூடுபனியில் ஒன்று எனக் கல் ஒன்றாயினும் காட்சி வேறு வேறாயிற்று. அவற்றுட் சிலவற்றை ஓர்சே நூதனசாலையில் அடுத்தடுத்துக் கண்டபோது, முதற்பொருள் இரண்டென்ற இலக்கணத்துக்கு இதனினும் சிறந்த உரை வேண்டாவென்று எனக்குத் தோன்றியது. ரோமாபுரியின் பந்தியோன் மண்டபமும் அத்தகையதே. குவிமாடத்தின் உச்சித் துளைவழி விழும் ஞாயிற்று ஒளிவட்டம் நேரத்துக்கு நேரம் சுவரில் நகர்கின்றது. பத்து நிமிடம் நிற்பவன் துளையைக் காண்பான். ஒரு மணி இருப்பவன் ஒளி நகர்வதைக் காண்பான்.

அவ்வாறாயின், எவ்வளவு தங்கினால் முற்றும் காணலாம்? லூவரில் காட்சிக்கு வைத்த பொருட்கள் ஏறத்தாழ 35,000 என்பர். ஒன்றுக்கு அரை நிமிடம் வீதம் நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் பார்த்தாலும் முப்பத்தாறு நாளுக்கு மேலாகும். முற்றக் காணுதல் எவர்க்கும் இயலாது. இயலாதாகவே, ‘போதும்’ என்னும் அளவைப் பயணியின் நோக்கமே தரல் வேண்டும். முதலும் கருவும் நிலத்தில் உள்ளன. உரிப்பொருளை நாம்தான் கொண்டு செல்கின்றோம்.

தமிழ் கற்போருக்கு

தமிழாராய்ச்சியை நோக்கமாகக் கொண்டு செல்லும் மாணாக்கருக்கு ஒரு சொல். உங்கள் ஐரோப்பாவின் படம் சுற்றுலாக்காரரின் படத்தினின்றும் வேறானது. 1554இல் உரோம எழுத்தில் தமிழ் அச்சேறிய நகரம் லிஸ்பன். பரிசின் தேசிய நூலகத்தில் தமிழ்ச் சுவடித் தொகுதி உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலியோர் எழுதிய கடிதங்கள் ஜேர்மனியின் ஹாலே நகரில் பேணப்படுகின்றன. நம் தனிநாயகம் அடிகளார் 1930களில் ரோமாபுரியிற் கற்றவர். பிற்காலத்தும் ஐரோப்பிய நூலகங்களில் இருந்து தேடியதன் பயனாகவே, மறக்கப்பட்டுக் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தமிழுலகுக்கு அறிவித்தார். புரோயென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவரும் அவரே. நூலகத்தில் வாசகர் அனுமதி பெறுதற்கே ஒரு நாள் வேண்டியிருக்கும். கேட்ட சுவடி கைக்கு வர மேலும் காலம் செல்லும். எனவே நான்கு நகருக்கு மூன்று மூன்று நாள் என வகுப்பதிலும், ஒரே நகரில் பன்னிரண்டு நாள் இருத்தல் உங்களுக்குப் பயன் தரும்.

இளைஞர் சிலர் புகையிரத அனுமதிச் சீட்டொன்றை வாங்கி ஒரு மாதத்திற் பத்து நாடு சுற்றுவதையும் நான் இகழேன். நூலொன்றைக் கற்குமுன் பொருளடக்கத்தைப் புரட்டுதல் போன்றது அது. மீண்டும் செல்லும் வயதும் வாய்ப்பும் உடையார்க்கு அது தக்கதே. ஒருமுறையே செல்லக்கூடியவர் பொருளடக்கத்தோடு திரும்புதல்தான் வருந்தத்தக்கது.

விருந்தின் முறை

இறுதியாக, தங்கும் நாள் செல்வோனை மட்டும் பொறுத்ததன்று, ஏற்போரையும் பொறுத்தது. வெனிஸ் மாநகரத்தார் 2024 ஏப்ரில் 25ஆந் திகதி தொடங்கி, குறிப்பிட்ட நாட்களில் காலையில் வந்து மாலையில் மீள்வோரிடம் ஐந்து யூரோ கட்டணம் அறவிட்டனர். இரவு தங்குவோருக்கு அக்கட்டணம் இல்லை. 1950களின் தொடக்கத்தில் 1,70,000க்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அப்பழைய நகர்ப்பகுதியில், 2022இல் குடித்தொகை 50,000க்குக் கீழிறங்கியது. நாள்தோறும் பல்லாயிரவர் வந்து புகைப்படம் எடுத்துச் செல்ல, ஊரவரோ ஒவ்வொருவராக ஊரைவிட்டு நீங்கினர். வாயிலில் நின்று வீட்டை எட்டிப் பார்த்துச் செல்பவனுக்கும், உள்ளே வந்து அமர்ந்து உண்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை விருந்தோம்பலை அறமாகக் கொண்ட நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆதலின், பயணம் செல்வோர் பட்டியல் வரையுமுன் தம் இல்லத்தார் ஒவ்வொருவரையும், காணாமல் வந்தால் மனம் ஆறாதது எது எனக் கேட்பாராக. விடைகளுக்கு முதலில் இரவுகளை ஒதுக்குவாராக. இடமாற்றங்களைப் பகலாகக் கணக்கிட்டுக் கழிப்பாராக. ஒவ்வொரு நகரிலும் ஒரு நாளையேனும் எவ்வேலையும் இன்றி வெறிதே விடுவாராக. அதன்பின் எஞ்சுவனவற்றை ஏனைய நாடுகளுக்குக் கொடுக்கலாம். எஞ்சவில்லையாயின் அந்நாடுகளை விட்டுவிடலாம். விட்ட நாடுகள் அங்கேயே இருக்கும். பேத்தியின் ஐந்தாம் வயது அங்கே காத்திராது.